கன்னி மூலையில் விட்ட வழி

மதுரை
22.4.2024

அண்ணாவுக்கு,

என் எண்ணை நீங்கள் போனில் பிளாக் செய்து வைத்திருப்பதால் கூரியரில் எழுதுகிறேன். கம்பெனி முகவரிக்கு அனுப்பினால் உங்கள் மனைவியான நங்கையாவின் கையில் சிக்காமல் உங்களிடம் வரும் என்று ஒரு நம்பிக்கை.

போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊருக்கு, நெருப்பெரிச்சலுக்கு வந்திருந்தேன். பதற வேண்டாம், வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்தோணிராஜைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த வாசல் எனக்கில்லை என்பதை நான் மறக்கவில்லை. உங்கள் கம்பெனிக்காக நான் வரைந்த கட்டடம் எப்படி எழுந்திருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தேன். வடக்கு வெளிச்சம் தையல் ஹாலுக்குள் இறங்கும்படி கூரை, சாம்பல் கல் சுவர், மழைநீர்த் தொட்டி, எல்லாம் நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. உண்மையிலேயே பெருமையாக இருந்தது. பிறகு பின்பக்கம் சுற்றி வந்தேன்.

கன்னி மூலையில் காம்பவுண்டுச் சுவரில் நான் ஒரு வழி விட்டிருந்தேன். வடக்கே இருக்கிற தோட்டங்களில் விழுகிற மழை நம் நிலத்தைக் கடந்து அந்தத் தென்மேற்கு மூலை வழியாகத்தான் பள்ளத்து ஓடைக்குப் போகும். அப்பா காலத்திலிருந்து தண்ணீருக்கு அதுதான் பாதை. அதைக் கல் வைத்து அடைத்திருக்கிறீர்கள். போதாததற்கு அங்கே மண்ணைக் கொட்டி மேடாக்கி, சரிவையே திருப்பி, வடகிழக்கே ஈசானிய மூலையில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறீர்கள்.

அந்த ஓட்டைக்கு வெளியே இருப்பது தொழிலாளர்களுக்கு அப்பா வரிசையாகக் கட்டின லைன் வீடுகள். ரோட்டை ஏற்றி ஏற்றிப் போட்டு, இன்று வீட்டு வாசலைவிட ரோடு உயரம். அங்கே இறங்குகிற தண்ணீருக்கு வெளியேற இடம் கிடையாது. உங்கள் கட்டடத்தின் தளத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்கச் சொன்னவளே நான்தான். எத்தனை மழை பெய்தாலும் உங்கள் மெஷின்கள் நனையாது. லைனில் குடியிருக்கிறவர்கள் நனைவார்கள். ஒரு பெரிய மழைக்கு அங்கே நெஞ்சளவு நிற்கும். முதல் வீட்டில்தான் முதலில் ஏறும், அது ஓட்டைக்கு நேர் எதிரே இருக்கிறது.

அந்த முதல் வீட்டில் குடியிருக்கும் காசிமாயன், உங்கள் கட்டிங் மாஸ்டர்தான், சொன்னார்: "வாஸ்து பாக்குறவரு சொன்னாருன்னு மொதலாளி அடைக்கச் சொல்லிட்டாருக்கா. நாங்க என்னத்தச் சொல்றது?"

மழைக்காலத்துக்கு முன்னால் அந்த வழியைத் திறந்துவிடுங்கள். இன்னொன்று. கட்டடத்தை வரைந்து கொடு, அம்மாவைப் பார்க்கலாம் என்றீர்கள். வரைந்து கொடுத்தேன். திறப்பு விழா முடிந்து பேப்பரில் போட்டோவும் வந்துவிட்டது. அம்மாவை எப்போது பார்க்கலாம்?

கீதாஞ்சலி

*

நெருப்பெரிச்சல்
3.5.2024

அன்புள்ள அம்மிணிக்கு,

கடிதம் கிடைத்தது. ஊர் வரை வந்துவிட்டு, திருடியைப் போலச் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாய். கேட்டில் பெயர் சொல்லியிருந்தால் ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போயிருக்கலாம். காசிமாயனிடம் நின்று பேசினாயாம். கம்பெனி ஆட்களிடம் குடும்ப விஷயம் பேசுகிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்க மாட்டேன்.

நீ படித்தவள். ஆனால் கன்னி மூலையில் தண்ணீர் வெளியே போனால் குடும்பத் தலைவன் நிலைக்க மாட்டான் என்று வாஸ்து பார்க்கிற ஜோசியர் ஆத்தப்பன் அய்யா கையைப் பிடித்துச் சொன்னார். அப்பா நாற்பது சொச்சம் வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அன்றைக்கு அந்த மூலையில் வழி திறந்துதான் கிடந்தது. நீ அந்தப் பையனோடு போன வாரம் அது. உன்னால் என்று ஊர் சொன்னது, மூலையால் என்று ஜோசியர் சொல்கிறார். நான் மூலையை அடைத்துவிட்டேன். உன்னைக் குற்றத்திலிருந்து விடுவித்திருக்கிறேன் என்றே நினைத்துக்கொள்.

இப்போது ஒரு சின்ன உதவி. பசுமைச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் பார்க்க வந்தார்கள். உன் வரைபடத்தில் தண்ணீர் ஒரு மூலையில் போகிறது, இடத்தில் வேறு மூலையில் போகிறதே என்று கேட்டார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆர்டரை பங்களாதேசுக்குக் கொண்டுபோய்விடுவான். வரைந்த இன்ஜினியரே 'இந்த மாற்றத்தால் அக்கம்பக்கத்துக்குப் பாதிப்பில்லை' என்று ஒரு பாரா எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

அம்மா சுகம். தினமும் உன்னைக் கேட்கிறார். "அம்மிணி எப்ப வருது சாமி?" என்கிறார். அவளுக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பாரா வந்ததும், நானே வண்டி அனுப்பி உன்னைக் கூட்டி வரச் சொல்கிறேன். தனியாக வா.

என் கல்யாணத்தில் தங்கை உன் கையால் இணைச்சீர் ஏற்றுக்கொண்ட உன் அண்ணன்,
இளங்கோ

*

மதுரை
9.5.2024

அண்ணாவுக்கு,

உங்கள் கல்யாணத்தில் நான் செய்த இணைச்சீரை நினைவுபடுத்தியதற்கு நன்றி. என் கல்யாணத்துக்கு நீங்கள் செய்த சீர், வீட்டிலிருந்த என் போட்டோக்களை எல்லாம் அடுப்பில் போட்டது. அதையும் நான் மறக்கவில்லை.

அப்பா இறந்ததற்கு இத்தனை நாள் நான் காரணம், இப்போது ஒரு ஓட்டை காரணம். நாளைக்கு ஆத்தப்பன் அய்யா வேறு எதைக் காட்டுவாரோ தெரியாது. அப்பா சர்க்கரையை வைத்துக்கொண்டு மாத்திரையை மறந்தவர். டாக்டர் சொன்னதை யாரும் கேட்கவில்லை, நீங்களும்தான்.

அந்தப் பாராவை நான் எழுத மாட்டேன். அது பொய். வெள்ளத்தைத் தாங்குகிற கட்டடம் என்று சான்றிதழ் வாங்கி வாசலில் மாட்டிக்கொண்டு, அந்த வெள்ளத்தை உங்களுக்கே துணி தைக்கிறவர்கள் வீட்டுக்குள் திருப்பி விடுவதற்கு என் பெயரைக் கேட்கிறீர்கள். கூசவில்லையா? அந்த வழியைத் திறக்க இரண்டு ஆட்களும் ஒரு கடப்பாரையும் மண்வெட்டியும் போதும்.

அம்மாவை வைத்து என்னோடு பேரம் பேசாதீர்கள். அவர் எனக்கும் அம்மா.

கீதாஞ்சலி

*

நெருப்பெரிச்சல்
21.6.2024

அம்மிணிக்கு,

உடனே எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். வீட்டில் ஆஸ்பத்திரி வேலையாகவே இருந்தது. அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. சர்க்கரை இருப்பதால் ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இனி படுக்கைதான்.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "அவர் எனக்கும் அம்மா" என்று நீ எழுதிய இடத்தில் அழுதுவிட்டார். "அப்பறம் ஏன் சாமி வரமாட்டேங்குது?" என்று கேட்டார். நான் என்ன சொல்லட்டும்? ஒரு கையெழுத்துக்கு வீம்பு பிடிக்கிறாள் என்று சொல்லவா? சொல்லவில்லை. உன் மானத்தை நான் இன்றைக்கும் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாடி ஏற முடியாது என்பதால் கீழே தனி அறை பார்த்து வைத்திருக்கிறோம். நல்ல காற்று. பார்த்துக்கொள்ள ராமுத்தாய் என்று ஒரு தெற்கத்திப் பெண்ணைப் போட்டிருக்கிறேன், கை சுத்தம். உன் நங்கையாவுக்கு முதுகுவலி, அவளால் தூக்கிப் புரட்ட முடியாது.

டாக்டர் காலக்கெடு எதுவும் சொல்லவில்லை. ஆனால் படுக்கையில் விழுந்த சர்க்கரைக்காரர்களின் கதை உனக்கே தெரியும். சான்றிதழ்க்காரர்கள் மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள். ஒரு பாரா, சுத்தமாக, நிபந்தனை எதுவும் இல்லாமல். எது உனக்குப் பெரிது என்று நீயே முடிவு செய்துகொள், கண்ணு.

இளங்கோ

*

மதுரை
27.6.2024

அண்ணா,

இதோடு இருக்கிறது நீங்கள் கேட்டது. ஒரு பாரா, சுத்தமாக, கையெழுத்தும் சீலும் போட்டு.

அந்தோணிராஜ் வேண்டாம் என்றார். "உன் அண்ணனுக்கு ஒரு தடவ பயந்தா அப்பறம் நிறுத்த மாட்டாரு" என்றார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். எனக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பாராவில் நிபந்தனை இல்லை. உங்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். கன்னி மூலையைத் திறக்க மனசு வராவிட்டால் போகட்டும். ஈசானிய மூலையிலிருந்து ரோட்டுக்கு அடியில் ஒரு பெரிய சிமெண்ட் குழாய் போட்டு, சுற்றிக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் விட்டுவிடலாம். வரைந்து அனுப்பியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் அது முடிந்தாக வேண்டும். முடிந்தால்தான் நான் எழுதிக் கொடுத்தது உண்மையாகும். அதுவரைக்கும் என் கையெழுத்து ஒரு பொய்யின் அடியில் இருக்கிறது.

எப்போது வரட்டும்? நாளைக்கே கிளம்பத் தயாராக இருக்கிறேன். தனியாகத்தான் வருவேன்.

கீதாஞ்சலி

*

நெருப்பெரிச்சல்
25.7.2024

அன்பு அம்மிணிக்கு,

கடிதத்துக்கு நன்றி. சான்றிதழ்க்காரர்களுக்குப் பூரண திருப்தி. பெரிய மார்க் போட்டிருக்கிறார்களாம், கோயமுத்தூரில் விழா வைத்துக் கொடுப்பார்களாம். அப்பா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். ரத்தம் ரத்தம்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ வருவதைப் பற்றி. இப்போது ஆடி. ஆடியில் பிறந்த வீட்டுக்கு வருகிற பெண்ணைச் சீரோடு அழைக்க வேண்டும், வெறுங்கையோடு அழைத்தால் ஊர் சிரிக்கும். சீரோடு அழைத்தால் மாப்பிள்ளையையும் அழைக்க வேண்டும், அது நடக்காது என்பது உனக்குத் தெரியும். ஆவணியில் என் பெரிய மகளுக்கு நிச்சயம் பேசுகிறோம். மாப்பிள்ளை வீட்டார் வந்துபோகிற நேரத்தில் உன்னைப் பார்த்தால் கேள்வி வரும். அதெல்லாம் முடியட்டும்.

குழாய்க்கு ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ரோட்டைத் தோண்ட பர்மிஷன் வாங்க வேண்டுமே.

அம்மா நீ வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து நன்றாகச் சாப்பிடுகிறார்.

இளங்கோ

*

மதுரை
20.9.2024

அண்ணா,

ஆடி போனது. ஆவணி போனது. இப்போது புரட்டாசி. நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. கம்பெனி போனுக்குக் கூப்பிட்டால் ரிசப்ஷன் பெண் பாடம் ஒப்பிக்கிற மாதிரி "சார் மீட்டிங்ல இருக்காருங்க மேடம்" என்கிறாள்.

விருது வாங்கிய போட்டோவைப் பார்த்தேன். நீங்கள் கையில் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். குழாய் போட்டாகிவிட்டதா?

அம்மாவிடம் ஒரு நிமிடம் போனைக் கொடுக்க முடியாதா? குரலையாவது கேட்கிறேன். அந்த ராமுத்தாயின் நம்பரைத் தாருங்கள். நான் யாரென்று சொல்லக்கூட மாட்டேன்.

கெஞ்சுகிறேன் அண்ணா. நான் இதுவரைக்கும் உங்களிடம் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன்.

கீதா

*

நெருப்பெரிச்சல்
6.10.2024

அம்மிணி,

இத்தனை உருக்கமாக எழுதுவாய் என்று எதிர்பார்க்கவில்லை. போகும்போது திரும்பிக்கூடப் பார்க்காமல் போனவள் நீ. அன்றைக்கு அம்மா ரோடு வரைக்கும் ஓடி வந்து விழுந்ததை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ராமுத்தாய்க்கு ஷிப்மெண்ட் நேரத்தில் கம்பெனியில் துணி செக்கிங் வேலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன், அவளுக்கு போன் பேச நேரம் இல்லை. குழாய் வேலை பொங்கலுக்குப் பிறகுதான். அதுவரை ஒன்றும் ஆகாது. எத்தனையோ வருடம் அந்த லைன் நின்றிருக்கிறது.

தீபாவளி கழியட்டும். கார்த்திகையில் கட்டாயம் வண்டி அனுப்புகிறேன். வாக்குக் கொடுத்தால் நான் தவற மாட்டேன்.

இளங்கோ

*

நெருப்பெரிச்சல்
12.11.2024

அன்புள்ள அம்மிணிக்கு,

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. அம்மா நம்மை விட்டுப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம், தூக்கத்திலேயே. கொடுத்து வைத்த சாவு, யாருக்கும் கஷ்டம் கொடுக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்.

உனக்கு உடனே சொல்லியிருக்கலாம் என்று நினைப்பாய். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள், மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். உனக்காகக் காத்திருந்தால், நீ வந்து, உன் வீட்டுக்காரரும் வந்து, நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருப்பார்கள். அம்மாவை அமைதியாக அனுப்ப வேண்டும் என்பதுதான் என் எண்ணம். மழை கொஞ்சம் விட்டதும் எடுத்துவிட்டோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வா. இனி யாரும் தடுக்க மாட்டார்கள். ஹாலில் அம்மாவின் பெரிய படம் வைத்திருக்கிறோம், நன்றாக வந்திருக்கிறது. அம்மாவைப் பார்க்கலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், பார்த்துக்கொள்.

வாசலில் பசுமைச் சான்றிதழ் பலகை மாட்டியாகிவிட்டது. வடிவமைப்பு என்ற இடத்தில் உன் பெயரும் இருக்கிறது. அப்பா பெயரோடு கீதாஞ்சலி கருப்புசாமி என்று போடச் சொன்னேன்.

இளங்கோ

*

மதுரை
18.11.2024

இளங்கோ,

உன் கடிதம் வருவதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை ராத்திரியே, ராமுத்தாய் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். காசிமாயனிடம் என் நம்பர் இருந்தது. அவள் அவருடைய மனைவி என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் நீ தீபாவளியோடு சம்பளக் கணக்கை முடித்து வேலையை விட்டு அனுப்பிவிடுவாய் என்று பயந்து அதுவரைக்கும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

நான் சனிக்கிழமை விடிகாலையில் லைனில் இருந்தேன், அதற்குள் அம்மாவை எடுத்துவிட்டிருந்தீர்கள். நீ உன் ஹாலில் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தாய். நான் முதல் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். அவர்களுடைய முன்னறையைத்தான் அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறாய். கீழே தனி அறை, நல்ல காற்று. சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேறு படிந்திருந்தது. கயிற்றுக் கட்டிலின் உயரம் என் முழங்கால்தான்.

நங்கையா சொன்னதை ராமுத்தாய் அப்படியே சொன்னாள்: "நாள் நட்சத்திரம் சரியில்லாத நேரத்துல உசுரு போச்சுன்னா புது ஊட்ட ஆறு மாசத்துக்குப் பூட்டிப் போடோணுங்க. கல்யாணம் வேற வெச்சிருக்கறோம். அதுக்குத்தான் அத்தையை அங்க கொண்டுபோய் வெச்சிருக்கறோம்." அம்மா சாவதற்கு ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறீர்கள், வீட்டுக்குப் பங்கம் வராத இடமாக.

வெள்ளிக்கிழமை மழையில் ராமுத்தாய் கம்பெனிக்குள் செக்கிங் டேபிளில் இருந்தாள். ஷிப்மெண்ட் என்று கேட்டைப் பூட்டியிருந்தாய். தண்ணீர் ஈசானிய மூலை வழியாகப் போவது அவள் நின்ற ஜன்னலுக்கே தெரிந்திருக்கிறது. அழுதிருக்கிறாள். சூப்பர்வைசர் "ஒரு மணி நேரத்துல விடறோம்" என்றிருக்கிறான். கடைசியில் காசிமாயனும் நாலைந்து பேரும் பின்பக்கம் போய்க் மண்மேட்டை வெட்டி, கடப்பாரையால் கன்னி மூலைச் சுவரை உடைத்திருக்கிறார்கள். நான் வழி விட்டிருந்த அதே இடத்தில். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தண்ணீர் திரும்பிப் பள்ளத்துக்கு இறங்கிவிட்டதாம். என் கணக்கு அத்தனை சரியாக இருந்திருக்கிறது. அதைக் கேட்டு நான் அந்த லைன் வாசலில் உட்கார்ந்து வாயில் அடித்துக்கொண்டு அழுதேன்.

இன்னொன்றையும் கேள். அம்மாவுக்கு அந்தக் கட்டிலிலிருந்து பார்த்தால் கம்பெனியின் கூரை தெரியுமாம். வருகிறவர்கள், போகிறவர்கள், தண்ணீர் வண்டிக்காரன், எல்லோரிடமும் சொல்வாராம்: "இது என்ற மக வரைஞ்ச கட்டடமுங்க. மழ வந்தா ஒண்ணும் ஆவாதுங்க." ராமுத்தாய் சொன்னாள், "அம்மா தெனமும் அதப் பாத்துக்கிட்டேதேன் படுத்திருக்கும்க்கா. மக வருதுன்னு தல சீவிவிடச் சொல்லும்."

நீ என் பெயரை உன் வாசலில் பலகையில் மாட்டியிருக்கிறாய். நான் அந்தப் பெயரைப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் எங்கே போகும் என்று தெரிந்தே பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். ராமுத்தாயும் காசிமாயனும் சாட்சி சொல்வார்கள். அவர்கள் இப்போது உன்னிடம் வேலை செய்யவில்லை, வேலம்பாளையத்தில் வீடு பார்த்து வைத்துவிட்டேன். சான்றிதழ்க்காரர்களுக்கும் எழுதியாகிவிட்டது. என் தொழில் போகும், நான் உள்ளே போகலாம். போகிறேன். அம்மாவை ஒரு தடவை பார்ப்பதற்காக அத்தனை பேர் உயிரை விலை பேசியவள் நான், எனக்கு அது வேண்டும்.

பதினாறுக்கு நான் வரவில்லை. உன் ஹாலில் மாட்டியிருக்கிற படம் என் அம்மா இல்லை.

ஒரே ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. இதைப் போலீஸ் கேட்காது, கேட்டாலும் நீ வக்கீலை வைத்துப் பதில் சொல்வாய். ஏப்ரலில் நான் எழுதிய முதல் கடிதத்தை எடுத்துப் பார். நெஞ்சளவு தண்ணீர் நிற்கும் என்று எழுதியிருக்கிறேன். முதல் வீட்டில்தான் முதலில் ஏறும் என்று எழுதியிருக்கிறேன். அதைப் படித்த பிறகுதான் எழுந்திருக்க முடியாத அம்மாவை அந்த முதல் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாய். நான் சொன்னதை நம்பாமல் வைத்தாயா? நம்பித்தான் வைத்தாயா?

கோர்ட்டில் என் பக்கத்தில்தான் உன்னை நிறுத்துவார்கள். அங்கே வந்து சொல்.

கீதாஞ்சலி அந்தோணிராஜ்